கைக்கெட்டிய உடல்கள்

1960களின் நடுவில் ஸ்டாக்ஹோமில் இரண்டு மருத்துவர்கள் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு காலால் மிதித்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கென்று செய்யப்பட்ட, நகராத சைக்கிள் அது. ஒரு பெடல் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமுக்கு, மற்றது எரிக் ஹுல்ட்மனுக்கு. இருவருக்கும் ஒரு கால் உழைத்தது, இன்னொரு கால் சும்மா கிடந்தது. இனி முடியாது என்று சோரும்வரை மிதித்துவிட்டு, இரண்டு தொடைகளிலும் தடித்த ஊசியைச் செலுத்தித் தசையில் ஒரு துணுக்கை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த தொடையில் கிளைக்கோஜன், அதாவது தசை தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை, கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. ஓய்ந்திருந்த தொடையில் அது குறையவே இல்லை. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு. மறுபடியும் ஊசி. இப்போது உழைத்த காலில் பழைய அளவு திரும்பியிருந்ததோடு நிற்கவில்லை. சும்மா இருந்த காலில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

வயிறு ஒன்று, இரத்தம் ஒன்று, சாப்பாடும் ஒன்றுதான். ஆனாலும் எந்தத் தசை வேலை செய்து தீர்ந்ததோ அதற்கு மட்டும் உடல் கூடுதலாக எடுத்துவைக்கிறது. உத்தரவு மூளையிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ வந்திருந்தால் இரண்டு கால்களிலும் ஏறியிருக்க வேண்டும். அது அந்தத் தசைக்குள்ளேயே இருந்திருக்கிறது. 1966இல் 'நேச்சர்' இதழில் இந்தச் சிறு கட்டுரை வந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் இரண்டே பேர், இருவரும் கட்டுரையாளர்கள். மாரத்தான் ஓடுபவர்கள் பந்தயத்துக்கு முன்பு சோறும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுத் தசையை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் இங்கிருந்து கிளம்பியதுதான். 1969இல் ஏதென்ஸில் ஐரோப்பிய மாரத்தான் பட்டத்தை வென்ற இங்கிலாந்தின் ரான் ஹில் இந்த முறையை முதலில் கையாண்டவர்களில் ஒருவர்.

அந்த ஊசியின் கதை இன்னும் சுவையானது. பெர்க்ஸ்ட்ரோம் சிறுநீரக மருத்துவர். 1962இல் அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு, மனிதத் தசைக்குள் இருக்கும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளைப் பற்றியது. அவற்றை அளக்கத் தசைத் துணுக்கு வேண்டும். அதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் வடிவமைத்த ஊசியைத் தேடியெடுத்துத் திருத்தி அமைத்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்து, தோலில் சிறு கீறல், ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது. விளையாட்டு அந்த ஆய்வேட்டில் எங்கும் இல்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பலர் அந்த ஊசியால்தான் வாங்கினார்கள்.

இந்தத் துறையின் முனைவர் ஆய்வேடுகள் எந்தத் திசையில் போகின்றன என்று கேட்டால், கோட்பாடு, கொள்கை என்று பெரிதாகச் சொல்லத் தோன்றும். என் கணிப்பு சற்றுச் சாதாரணமானது. இரண்டு விஷயங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒன்று, புதிதாகக் கைக்கு வந்த கருவி. மற்றது, ஆய்வு மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் உடல்கள். வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல மர்மங்கள் தெளிகின்றன, சில சங்கடங்களும் தெரிகின்றன.

பெர்க்ஸ்ட்ரோமுக்குப் பத்தாண்டு முன்னால் போவோம். ஸ்டாக்ஹோமிலேயே ஒரு உடற்பயிற்சிக் கல்லூரி இருந்தது. 1813இல் பேர் ஹென்ரிக் லிங் தொடங்கியது, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் இடம். அங்கே ஆசிரியர் பயிற்சிக்கு வந்த பேர்-ஓலாஃப் ஆஸ்ட்ராண்ட் என்ற இளைஞர், டென்மார்க்கிலிருந்து 1941இல் வந்து உடலியங்கியல் பேராசிரியராகியிருந்த எரிக் ஹோவூ கிறிஸ்டென்சென் கண்ணில் பட்டார். மாணவர் ஆய்வாளரானார், மருத்துவமும் படித்தார். 1952இல் வந்த அவருடைய முனைவர் ஆய்வேடு, நான்கு வயதிலிருந்து முப்பத்து மூன்று வயதுவரை 227 பேரை, ஆண்களும் பெண்களுமாக, ஓடவும் மிதிக்கவும் வைத்து, அவர்களால் உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தது.

அப்போது கைவசமிருந்த கருவி டக்ளஸ் பை. பெரிய காற்றுப்பை, அதிலிருந்து ஒரு குழாய், வாயில் கவ்விக்கொள்ளும் வால்வு, மூக்குக்கு ஒரு கிளிப். வெளிவிடும் மூச்சு முழுவதும் பைக்குள் போகும். பிறகு அதில் எவ்வளவு ஆக்சிஜன் மீந்திருக்கிறது என்று வேதியியல் முறையில் பார்ப்பார்கள். உள்ளே போனது இவ்வளவு, திரும்பியது இவ்வளவு, ஆக உடல் எடுத்துக்கொண்டது இவ்வளவு. கணக்கு எளியது, வேலைதான் முதுகை ஒடிக்கும். நான்கு வயதுக் குழந்தையின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ரப்பர் குழாயைக் கவ்வவைத்து, 'ஓடு கண்ணு' என்று சொல்லி உச்சம்வரை ஓடவைப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இன்றைய நெறிமுறைக் குழுக்களிடம் அனுமதி வாங்குவதற்குள் அந்தக் குழந்தை பள்ளிப் படிப்பை முடித்துவிடும்.

ஆஸ்ட்ராண்ட் கண்டது இதுதான்: பருவம் எய்துமுன் சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஆக்சிஜன் கொள்ளளவில் பெரிய வித்தியாசம் இல்லை, பிறகு இடைவெளி விரிகிறது, உடல் எடையைக் கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி கணிசமாகச் சுருங்குகிறது. இரண்டாண்டு கழித்து அவரும் இர்மா ரூமிங்கும் சேர்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். உச்சம்வரை போக வேண்டாம். மிதமாகச் சைக்கிள் மிதிக்கும்போது நாடித் துடிப்பை எண்ணினால் போதும், உச்சக் கொள்ளளவை மதிப்பிட்டுவிடலாம். உலகெங்கும் உடற்கல்விக் கல்லூரிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இர்மா 1960இல் தன் ஆய்வேட்டை எழுதினார், வயது ஏற ஏற ஆண், பெண் உழைப்புத் திறன் எப்படி மாறுகிறது என்று. பெண்களை ஆய்வுக்குள் கொண்டுவந்த இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

ஆஸ்ட்ராண்டுக்கு அடுத்த தலைமுறை பெங்க்ட் சால்டின். 1964இல் அவருடைய ஆய்வேடு நீண்டநேர உழைப்பும் வெப்பமும் இரத்த ஓட்டத்தை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியது. பட்டம் வாங்கியதும் அமெரிக்காவின் டல்லாஸுக்குப் போனார். 1966இல் அங்கே இருபது வயது மாணவர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். எழுந்து நிற்கக்கூட அனுமதி இல்லை. படுக்குமுன் நிமிடத்துக்கு 3.3 லிட்டராக இருந்த சராசரி உச்ச ஆக்சிஜன் நுகர்வு, மூன்று வாரத்தில் 2.4 லிட்டராக விழுந்தது. பிறகு சுமார் எட்டு வாரக் கடும் பயிற்சியில் 3.9 லிட்டரானது.

ஐந்து பேர்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1996இல், அந்த ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள், தொந்தி போட்டவர்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய கொள்ளளவிலிருந்து பறித்ததைவிட, இருபது வயதில் படுத்துக்கிடந்த மூன்று வாரம் பறித்தது அதிகம்! அதோடு, ஆறு மாதம் மிதமாகப் பயிற்சி செய்ததில் இருபது வயதில் தொடங்கிய அளவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைத்திருந்த மருத்துவ வழக்கம் மாறியதில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. அங்கே உடற்கல்வியில் முனைவர் பட்டம் 1920களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஆய்வேடுகள் பெரும்பாலும் பள்ளி நிர்வாகம், பாடத்திட்டம், விளையாட்டுத் திறன் தேர்வுகள் என்று சுற்றிவந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கானன்ட் 1963இல் ஆசிரியர் கல்வியைப் பற்றி எழுதிய நூலில், உடற்கல்வியில் உயர்பட்டப் படிப்புகளையே பல்கலைக்கழகங்கள் மூடிவிட வேண்டும் என்று எழுதிவிட்டார். துறை அதிர்ந்துபோனது. மறு ஆண்டே பெர்க்லியைச் சேர்ந்த ஃபிராங்ளின் ஹென்றி, இது தனக்கென்று அறிவுப்பரப்பு உள்ள கல்வித்துறை என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் ஆய்வேடுகள் உடலியங்கியல், இயக்க இயற்பியல், உளவியல், சமூகவியல், வரலாறு என்று கிளை பிரிந்தன. மானம் காக்கப் பிறந்த பிரிவுகள் என்று சொன்னால் அந்தத் துறையினர் கோபிப்பார்கள். ஆனாலும் முழுப் பொய்யில்லை. கிளை பிரிந்ததால் ஆழம் கிடைத்தது. ஒரு கிளைக்காரர் எழுதுவது அடுத்த கிளைக்காரருக்குப் புரியாமலும் போனது.

சால்டின் 1973இல் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தார். கிறிஸ்டென்சென் எந்த ஊரிலிருந்து கிளம்பினாரோ அதே ஊர். அந்தக் கூடத்தில் உருவானவர்களில் ஒருவர் ஜென்ஸ் பேங்ஸ்போ. டென்மார்க் முதல் தரக் கால்பந்தில் பல ஆண்டு ஆடியவர். 1994இல் வந்த அவருடைய ஆய்வேடு கால்பந்தின் உடலியங்கியலைப் பற்றியது. அவருக்குக் கைக்கெட்டிய உடல்கள் அவரோடு ஆடியவர்கள், அவரை எதிர்த்து ஆடியவர்கள். கால்பந்து வீரர் ஒரு போட்டியில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். ஆட்டத்தைத் தீர்மானிப்பது இடையிடையே வரும் பாய்ச்சல்களும், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறார் என்பதும். டக்ளஸ் பையையும் ட்ரெட்மில்லையும் வைத்து அளந்த பழைய உச்சக் கொள்ளளவு இந்தத் தேறும் திறனைப் பாதிதான் சொல்கிறது.

ஆகவே பேங்ஸ்போ ஒரு சோதனை செய்தார். இருபது மீட்டர் தூரத்தில் இரண்டு கூம்புகள். ஒலிப்பதிவிலிருந்து 'பீப்' வரும்போது கிளம்பி, போய்த் திரும்பி வர வேண்டும். வந்ததும் பத்து வினாடி ஓய்வு. மறுபடி பீப். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடும். இரண்டு முறை பீப்பைத் தவறவிட்டால் வெளியே. யோ-யோ என்று பெயர்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். 2017இல் இந்திய அணித் தேர்வுக்கு யோ-யோவில் 16.1 என்ற எண் நிபந்தனையானது. சதம் அடித்தவரும் விக்கெட் எடுத்தவரும் அந்த எண்ணை எட்டாததால் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று செய்தி வரத் தொடங்கியது. பதினாறாம் கட்டத்தின் முதல் ஓட்டம் அது. அதுவரை மொத்தம் 1,120 மீட்டர். டேனிஷ் கால்பந்து வீரர்களின் தசைகளையும் மூச்சையும் பார்த்து எழுந்த அளவுகோல், நாள் முழுவதும் ஸ்லிப்பில் நிற்கும் ஆளுக்குப் பொருந்துமா என்று தெருமுனைத் தேநீர்க் கடைவரை விவாதம் நடந்தது. நியாயமான கேள்விதான். கிரிக்கெட் உடலைப் பார்த்துப் பிறந்த கேள்விக்குக் கால்பந்து உடலைப் பார்த்துப் பிறந்த விடையைக் கொண்டுவந்தால் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். ஆனாலும் கிறிஸ்டென்சென், ஆஸ்ட்ராண்ட், சால்டின், பேங்ஸ்போ என்று நான்கு தலைமுறைக் குரு பரம்பரையின் கடைசி இழை பெங்களூரு மைதானத்தில் ஒலித்த பீப் சத்தமாக வந்து முடிந்திருக்கிறது. முனைவர் ஆய்வேட்டை நூலகத்து அலமாரியில் தூங்கும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

கருவி மாறினால் கேள்வி மாறும் என்பதற்கு இன்னும் நெருக்கமான சாட்சி இலங்கைச் சுழல் பந்துவீச்சாளர் முரளிதரனின் முழங்கை. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டாரெல் ஹேர், கண்டியிலிருந்து வந்த அந்தத் தமிழ் இளைஞரின் பந்துகளை மீண்டும் மீண்டும் 'நோ-பால்' என்றார். விதியின்படி பந்தை விடும்போது கை முழங்கையில் நிமிரக்கூடாது. ஆனால் முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. வளைந்த கையைத் தூரத்திலிருந்து பார்த்தால் எறிவதுபோலத் தெரியும். கண் நிமிர்வதைப் பார்க்கிறதா, வளைவைப் பார்க்கிறதா?

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் எலியட்டின் இயக்க இயற்பியல் கூடத்தில், கையில் ஒளிரும் குறிகளை ஒட்டி, பல கோணங்களில் வேகக் கேமராக்களை வைத்து, எலும்புகள் முப்பரிமாணத்தில் எப்படித் திரும்புகின்றன என்று அளந்தார்கள். 2004இல் முரளி 'தூஸ்ரா'வை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, வீசும்போது முழங்கை சுமார் 14 பாகை நிமிர்கிறது என்று தெரிந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பின் 10 பாகை அளவுக்கு இறங்கியது. அன்றைய வரம்பு சுழல் பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10. பிறகுதான் நல்ல வேடிக்கை. அதே கருவியை மற்றவர்கள் பக்கமும் திருப்பினார்கள். 'சுத்தமான' பந்துவீச்சு என்று பெயரெடுத்தவர்கள் உட்படப் பெரும்பாலானோரின் முழங்கை நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. அதற்குக் குறைந்ததை வெறுங்கண்ணால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது காரணங்களில் ஒன்று. பிற்பாடு இத்தகைய சோதனைக்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) அங்கீகரித்த கூடங்களில் ஒன்று சென்னை போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் அமைந்தது.

கேமராவுக்கு அடுத்து வந்தது ஜி.பி.எஸ். வீரர்கள் உள்ளாடைக்கு மேல் மாட்டும் குட்டைக் கச்சையில், தோள்பட்டைகளுக்கு நடுவே, தீப்பெட்டியளவுப் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தூரம், எத்தனை பாய்ச்சல், எத்தனை திருப்பம் என்று எல்லாவற்றையும் பதியும். இதனால் ஆய்வு மாணவர் இருக்கும் இடமே மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இன்று பல முனைவர் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு, காலையில் வீரர்களுக்குக் கச்சை மாட்டிவிட்டு, மாலையில் அதே தரவை வைத்து ஆய்வேடு எழுதுகிறார்கள். முன்பு உடல்களைத் தேடி அலைந்த மாணவர் இப்போது உடல்களுக்கு நடுவிலேயே வாழ்கிறார். ஆனால் பயிற்சியாளர் கேட்கும் கேள்வியைத்தான் கேட்க முடியும் என்ற கட்டும் கூடவே வந்திருக்கிறது.

இந்த அலையில் வந்த ஒன்றுதான் இன்று இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா ஓய்வெடுக்கும்போதெல்லாம் அடிபடும் 'வொர்க்லோட்' (பணிச்சுமை) பேச்சு. 2014இல் பில்லி ஹுலினும் கூட்டாளிகளும் 28 வேகப்பந்து வீச்சாளர்களின் பல ஆண்டுக் கணக்கை எடுத்து, இந்த வாரம் வீசிய பந்துகளைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டார்கள். திடீரென்று ஏறினால் அடுத்த வாரம் காயம்படும் வாய்ப்பும் ஏறுகிறது என்றார்கள். விகிதம் எளிமையாக இருந்தது, ஆகவே தீயாகப் பரவியது. சில ஆண்டுகளிலேயே ஃபிராங்கோ இம்பெல்லிசேரி போன்றவர்கள் அந்த விகிதத்தின் கணிதத்தைப் பிரித்துப் போட்டார்கள். இந்த வாரத்தின் எண் நான்கு வாரச் சராசரிக்குள்ளும் ஒளிந்திருக்கிறதே, அப்படியானால் இரண்டும் தொடர்புடையதாகத் தெரிவதில் என்ன அதிசயம் என்று கேட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

எண்கள் சிறியவை என்பதுதான் இந்தத் துறையின் தீராத நோய். ஒலிம்பிக் தரத்தில் ஓடுபவர்கள் ஒரு ஊரில் நூறு பேர் கிடைக்கமாட்டார்கள். பத்துப் பேரை வைத்து ஆய்வு செய்தால், சிறு விளைவைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாது. நூறு மீட்டர் ஓட்டத்திலோ பதக்கமே அந்தச் சிறு விளைவில்தான் இருக்கிறது. இதற்கு வழி என்று நியூசிலாந்தில் பணியாற்றிய வில் ஹாப்கின்ஸும் பிரிட்டனின் ஆலன் பேட்டர்ஹமும் 2006இல் ஒரு புதிய புள்ளியியல் முறையை முன்வைத்தார்கள். சிறிய குழுவிலும் 'அநேகமாகப் பலன் உண்டு' என்று சொல்ல அது இடம் கொடுத்தது. கேட்கவா வேண்டும்? ஆய்வு மாணவர்கள் அள்ளிக்கொண்டார்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டின் சைனானி, அந்த முறை இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லும் தவற்றை அதிகமாக்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முன்னணி இதழ் ஒன்று அந்த முறையில் எழுதிய கட்டுரைகளை ஏற்பதையே நிறுத்தியது. நடுவில் ஓடிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த முறையை நம்பிப் பட்டம் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கிய பட்டத்தைத் திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

இனி ஆஸ்ட்ராண்டுக்கும் இர்மாவுக்கும் வருவோம். 1952இலும் 1960இலும் பெண்களைச் சரிசமமாக அளந்த துறை, பிறகு அவர்களைக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டது. 2011 முதல் 2013 வரை மூன்று முக்கிய இதழ்களில் வந்த 1,382 கட்டுரைகளை ஒரு குழு எண்ணியது. பங்கேற்றவர்களில் பெண்கள் 39 சதவீதம். பிறகு 2014 முதல் 2020 வரை வந்த 5,261 ஆய்வுகளை இன்னொரு குழு எண்ணியது. 34 சதவீதம். பெண்களை மட்டுமே ஆராய்ந்தவை 6 சதவீதம். ஆண்களை மட்டுமே ஆராய்ந்தவை அதைப்போல ஐந்து மடங்கு. காரணம் கேட்டால், மாதவிடாய்ச் சுழற்சியில் ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் முடிவுகள் குழம்பும் என்பார்கள். உலகின் பாதிப் பேருக்கு மாதாமாதம் நடப்பதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதியை அளந்து, 'மனித உடல்' என்று தலைப்பு வைத்தார்கள். இன்று சுழற்சியின் நாட்களோடு பயிற்சி, காயம், தூக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வேடுகள் பெருகுகின்றன. அவற்றை எழுதுவோரில் பலர் பெண்கள் என்பதில் வியப்பில்லை. அவர்களுக்குக் கைக்கெட்டிய உடல் அதுதானே.

இனி நம் ஊர். இங்கே உடற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவின் முன்னோடிகளில் ஒன்று. காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரி உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உண்டு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் திரட்டிவைக்கும் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் உடற்கல்வி என்று தேடிப்பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தலைப்புகளைப் பார்க்காமலே சொல்ல வந்துவிடும். ஏதோ ஒரு பயிற்சி, அதோடு இன்னொரு பயிற்சி, கல்லூரி மாணவர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்சார், உடலியங்கியல்சார், உளவியல்சார் மாறிகளின் மீது இவற்றின் விளைவு. பயிற்சி இருக்கும் இடத்தில் யோகாசனம், பிளையோமெட்ரிக் என்ற குதிப்புப் பயிற்சி, சர்க்யூட், பிராணாயாமம் என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். பெரும்பாலும் நாற்பத்தைந்து பேர், பதினைந்து பதினைந்தாக மூன்று குழு, பன்னிரண்டு வாரம், முன்தேர்வு, பின்தேர்வு, உடன்மாறிப் பகுப்பாய்வு, ஷெஃபே சோதனை, 0.05 மட்டத்தில் முக்கியத்துவம்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆஸ்ட்ராண்டுக்கும் பெர்க்ஸ்ட்ரோமுக்கும் பொருந்திய விதிதான் இங்கேயும் பொருந்துகிறது. ஆய்வாளர் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். விடுதியில் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர் சொன்னால் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருவார்கள். கையில் ஸ்டாப்வாட்ச், அளவுநாடா, மூச்சளவி, இரத்த அழுத்தக் கருவி. பன்னிரண்டு வாரம் என்பது ஒரு பருவத் தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் காலம். என் புகார் வேறு. மூன்றாவது குழுவைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, பன்னிரண்டு வாரம் குதித்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களைவிட உயரமாகத் தாவுகிறார்கள் என்று நிரூபிப்பதற்கு ஆய்வு எதற்கு? விடை தெரிந்த கேள்வி அது. பெர்க்ஸ்ட்ரோமின் சைக்கிளில் விடை யாருக்கும் தெரியாது.

விடை தெரியாதவை இங்கேயே குவிந்து கிடக்கின்றன. கபடியில் ரெய்டு முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியும் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டே பாய வேண்டும், விலக வேண்டும், இழுபட வேண்டும். மற்ற எந்த ஆட்டத்திலும் உச்ச உழைப்பின்போது மூச்சை இப்படி வாயால் கணக்குக் காட்டச் சொல்வதில்லை. அப்போது இரத்தத்தில் கரியமில வாயு எப்படி ஏறுகிறது, பழகிய ரெய்டரின் மூளை அந்த மூச்சுத்திணறலைப் புதியவரைவிடப் பொறுத்துக்கொள்கிறதா? வெப்பத்தைப் பற்றி சால்டின் குளிர்நாட்டில் சூடான அறை கட்டி ஆராய்ந்தார். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் அறை கட்டாமலே கிடைக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிட ஆசை காட்டுவது ஷோத்கங்காவில் ஏற்கெனவே கிடப்பதுதான். அந்த ஆய்வேடுகள் பலவற்றின் பின்னிணைப்பில் மூலத் தரவு அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு மாணவரின் ஓய்வுநிலை நாடித் துடிப்பு, மூச்சு அடக்கும் நேரம், ஐம்பது மீட்டர் ஓட்டம், இடுப்பை மடக்கித் தொட்ட தூரம் என்று வரிசை வரிசையாக. தனித்தனியே பார்த்தால் பதினைந்து பதினைந்து பேர். பயிற்சிக்கு முந்தைய எண்களை மட்டும் எடுத்து ஆண்டுவாரியாக அடுக்கினால், தமிழ்நாட்டுக் கல்லூரி இளைஞர்களின் உடல் பல பத்தாண்டுகளாக எப்படி மாறிவந்திருக்கிறது என்ற படம் ஒன்று வரக்கூடும். கைப்பேசிக்கு முன், பின், ஊர்ப்புறக் கல்லூரி, நகரக் கல்லூரி, ஆண், பெண். அந்த ஆய்வுகளைச் செய்த எவரும் கேட்காத கேள்வி இது. இதற்குப் புதிதாக ஒருவரையும் ஓடவைக்கத் தேவையில்லை. தேவைப்படுவது, ஓரம் சாய்ந்து ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களிலிருந்து எண்களைத் தட்டச்சு செய்யப் பொறுமையுள்ள ஒரு ஆய்வு மாணவரும், ஒரு கல்லூரியில் விரலால் எண்ணிய நாடியையும் இன்னொரு கல்லூரியில் கருவி எண்ணிய நாடியையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா என்று அவரோடு உட்கார்ந்து சண்டை போடத் தயாரான ஒரு புள்ளியியலாளரும்.